சால்வை ஒரு நாள், சரக்கு வருஷம் முழுவதும்



நமது இதழில் வழக்கமாக வரி, கடை வாடகை, பெரிய நிறுவனங்களின் போட்டி ஆகியவற்றைப் பற்றியே எழுதி வருகிறோம். இந்த மாதம் சற்று வேறு விஷயம். ஊர்தோறும் கலை மன்றங்களும், பண்பாட்டுக் கழகங்களும், பாரம்பரியக் கைத்தொழில் விழாக்களும் பெருகி வருகின்றன. நன்கொடை கேட்டு அவர்கள் முதலில் ஏறுவது நம் கடைப்படியைத்தான். ரசீதுப் புத்தகத்தைக் கண்டதும் முகம் சுளிப்பவர்கள் நம்மில் உண்டு. கேட்டதைக் கொடுத்துவிட்டு, அழைப்பிதழில் கடைப் பெயர் சரியாக வந்திருக்கிறதா என்று மட்டும் பார்ப்பவர்களும் உண்டு. இரண்டுமே போதாது என்பது நமது தாழ்மையான கருத்து. அதற்கான காரணத்தை நமது சொந்த அனுபவத்திலிருந்தே சொல்கிறோம்.

நாம் மதுரையில் ஜவுளி மொத்த வியாபாரம் செய்து வருகிறோம். எஸ்.எஸ்.எல்.சி. முடித்த கையோடு 1976-ல் தகப்பனார் கடையில் உட்கார்ந்தோம். அன்று முதல் இன்று வரை இதே தொழில்தான். சுங்குடிச் சேலை நமது கடையின் நிரந்தரச் சரக்கு. ஆகவே சுங்குடியை வைத்தே பேசுகிறோம். மற்ற ஊர் அன்பர்கள் தங்கள் ஊர்க் கைத்தொழிலை அந்த இடத்தில் வைத்துப் படித்துக்கொள்ளலாம்.

நாம் பட்ட வெட்கம்

2023-ம் ஆண்டு தை மாதம் நமது ஊரில் ஒரு கலை மன்றத்தார் பாரம்பரிய விழா நடத்தினார்கள். மன்றத்தின் பெயர் வேண்டாம். நல்ல மனிதர்கள், கைப்பணம் போட்டு நடத்துபவர்கள். விழாவுக்குப் பத்து நாள் முன்னதாக அதன் செயலாளர் நமது கடைக்கு வந்தார். தொண்டு செய்யும் மகளிருக்கு ஒரே மாதிரிச் சேலை வேண்டும். மதுரையின் பெருமை தெரியும்படி அது சுங்குடியாக இருக்க வேண்டும். 40 சேலை, ஒன்று 450 ரூபாய்க்குள், ஒரு வாரத்தில் வேண்டும் என்றார்.

நாம் மறுபேச்சுப் பேசவில்லை. அந்த விலைக்கும் அந்த நாளுக்கும் எது கிடைக்குமோ அதைக் கொடுத்தோம். அரக்கு நிறத்தில் வெள்ளைப் புள்ளி வைத்த ஸ்கிரீன் பிரிண்ட் சேலை. பில்லில் ‘சுங்குடி 40’ என்று போட்டோம். பணமும் உடனே வந்துவிட்டது.

விழா மேடையில் பறை, ஒயிலாட்டம் முடிந்து, கைத்தொழில் செய்யும் முதியவர்களுக்குப் பாராட்டு நடந்தது. அவர்களில் ஒருவர் சுங்குடி கட்டும் சௌராஷ்டிர சமூகத்து அம்மையார். வயது எழுபதுக்கு மேல். நமது தகப்பனார் காலத்தில் நமது கடைக்குச் சேலை கட்டிக் கொடுத்தவர். சிறு வயதில் துணியை அவர் வீட்டில் கொண்டுபோய்க் கொடுத்து வந்ததே நாம்தான். அவருக்குச் சால்வை போர்த்தினார்கள். பழத்தட்டு ஏந்திய தொண்டர் பெண் பக்கத்தில் வந்து நின்றாள். அம்மையார் அவளுடைய முந்தானையை இரண்டு விரலால் பிடித்தார். ஒரு புள்ளியின் மேல் கட்டை விரல் நகத்தை ஓட்டினார். பிறகு மேடைக்குக் கீழே முதல் வரிசையில், நன்கொடையாளர் நாற்காலியில் உட்கார்ந்திருந்த நம்மைப் பார்த்தார்.

விழா முடிந்து இறங்கி வரும்போது நம்மிடம் நின்றார்.

“தம்பி, உங்க கடைச் சரக்கா?”

“ஆமாக்கா.”

“நல்லா விக்குதா?”

“விக்குது.”

“நல்லது” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அதில் குத்தல் ஒன்றும் இல்லை. அதுதான் நமக்கு அதிகமாக உறுத்தியது. சுங்குடியைப் பாராட்ட நடத்திய விழாவில், சுங்குடி கட்டுபவருக்குச் சால்வை. சேலைக்கான ஆர்டரோ அச்சுப் பட்டறைக்கு. இதில் கலை மன்றத்தாருக்கு விவரம் தெரியாது. நமக்குத் தெரியும். தெரிந்தே பில் போட்டவர்கள் நாம்.

சுங்குடி என்பது என்ன?

நமது இளைய வணிகர்களில் பலருக்கு இது தெரியாது என்பதால் சுருக்கமாகச் சொல்கிறோம். குஜராத் பகுதியிலிருந்து பல ஊர்கள் கடந்து தெற்கே வந்த சௌராஷ்டிர மக்கள், நாயக்கர் ஆட்சியில் மதுரையில் குடியமர்ந்தார்கள். திருமலை நாயக்கர் மகாலைச் சுற்றியுள்ள தெருக்களில் இன்றும் அவர்கள் வாழ்கிறார்கள். நெசவும் சாயமும் அவர்களுடைய கைத்தொழில். அதில் ஒன்றுதான் சுங்குடி.

பருத்திச் சேலையில் புள்ளி வரவேண்டிய இடத்தை முதலில் குறித்துக்கொள்வார்கள். ஒவ்வொரு குறியிலும் துணியை நகத்தால் சிறிதாகக் கிள்ளி எடுத்து, நூலால் இறுகச் சுற்றி முடிச்சுப் போடுவார்கள். முடிச்சுப் போடப் போட ஐந்தரை மீட்டர் சேலை ஒரு சிறு மூட்டையாகச் சுருங்கிவிடும். அதைச் சாயத்தில் முக்கி எடுத்து உலர்த்தி, முடிச்சுகளை அவிழ்த்தால், நூல் சுற்றிய இடத்தில் சாயம் ஏறாமல் வெள்ளைப் புள்ளி நிற்கும். ஒரு சேலைக்கு ஆயிரக்கணக்கான முடிச்சுகள். நெருக்கமான வேலை என்றால் பத்தாயிரத்தையும் தாண்டும். முடிச்சுப் போடுவது பெரும்பாலும் வீட்டுப் பெண்கள்தான். அடுப்பு வேலை முடிந்த மதிய நேரத்தில் திண்ணையில் உட்கார்ந்து கட்டுவார்கள்.

நாம் கடைக்கு வந்த புதிதில் தகப்பனார் ‘சுங்குடிச் சிட்டை’ என்று தனியாக ஒரு நோட்டு வைத்திருந்தார். துணி கொடுத்த தேதி, வீட்டின் பெயர், திரும்பி வந்த தேதி, கொடுத்த கூலி எல்லாம் அதில் இருக்கும். முதலில் பக்கத்துக்குப் பக்கம் வீடுகள். பிறகு மெழுகு அச்சும் ஸ்கிரீன் பிரிண்ட்டும் வந்தன. பத்து நாள் வேலை பத்து நிமிஷத்தில் முடிந்தது. வருஷத்துக்கு வருஷம் சிட்டையில் வீடுகள் குறைந்தன. கடைசிப் பதிவு 1994-ம் வருஷத்தது. அதற்குப் பின் வெற்றுப் பக்கங்கள்தான். நோட்டு இன்னும் நம் அலமாரியில் இருக்கிறது.

2005-ம் ஆண்டில் மதுரைச் சுங்குடிக்குப் புவிசார் குறியீடு பதிவாயிற்று. அன்று நாமும் மகிழ்ந்தோம். ஆனால் நம் சிட்டையில் அதனால் ஒரு வீடும் கூடவில்லை. பெயருக்குப் பாதுகாப்புக் கிடைத்தது. கட்டுபவருக்கு வேலை கிடைக்கவில்லை.

மன்றங்களைக் குறை சொல்வது எளிது

மேலே சொன்னதைப் படித்துவிட்டு, ‘இந்தச் சபைகளால் என்ன பயன்?’ என்று யாரும் கேட்டுவிட வேண்டாம். பயன் உண்டு. நமது பிள்ளைகளுக்குச் சுங்குடி, பவானி ஜமக்காளம், பத்தமடைப் பாய், நாச்சியார்கோயில் குத்துவிளக்கு என்ற பெயர்களாவது தெரிந்திருக்கிறது என்றால், அதில் இந்த மன்றங்களின் உழைப்பு இருக்கிறது. இன்னும் சுங்குடி கட்டத் தெரிந்தவர்கள் எந்தத் தெருவில், எந்த வீட்டில் இருக்கிறார்கள் என்று தேடிப் போய் விசாரித்தவர்கள் அவர்கள். அந்தப் பெண்மணிகளின் சேலையை வாங்கி விற்று வீடு கட்டிய நாம் விசாரிக்கவில்லை.

ஆனால் மன்றத்தாரால் ஆகக்கூடியது ஒரு அளவுக்குத்தான். அவர்கள் ஆசிரியர்கள், வங்கி ஊழியர்கள், ஓய்வு பெற்ற அலுவலர்கள். ஒரு நாள் விழா நடத்தலாம்; ஒரு வாரம் கண்காட்சி நடத்தலாம். மீதி நாட்களுக்குத் துணி கொடுத்து, சாயம் போட வைத்து, கூலி கொடுத்து, சரக்கை எடுத்து, அதைத் தேடி வருபவருக்கு விற்பது யார்? அது நமது தொழில். அதை அவர்கள் செய்யவில்லை என்று குறை சொல்வது, வக்கீலிடம் போய் வைத்தியம் கேட்பதற்குச் சமம்.

விற்றதுதான் நிலைத்தது

பழைய கதையைப் பார்த்தாலும் இதுதான் தெரிகிறது. 1918-ல் சங்கரதாஸ் சுவாமிகள் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையைத் தொடங்கினார். அன்றைய நாடக சபைகள் பாராட்டுக் கூட்டத்தால் வாழவில்லை. டிக்கெட் விற்று, அந்த வசூலில்தான் சபையில் உலை வைத்தார்கள். 1936-ல் ருக்மிணி தேவி அருண்டேல் கலாக்ஷேத்திரத்தை நிறுவியபோது, நடனத்தோடு நிற்கவில்லை. அடுத்த ஆண்டே நெசவுக்கும் இடம் கொடுத்தார். பழைய காஞ்சிபுரம் கரைகளும் நிறங்களும் அங்கே சேலையாக நெய்யப்பட்டு விற்பனைக்கு வந்தன. கண்ணாடிப் பெட்டியில் வைத்துக் காட்டுவதற்கு மட்டும் நெய்திருந்தால் தறி ஓடியிருக்காது.

செட்டிநாட்டுக் கொட்டானை எடுத்துக்கொள்வோம். நகரத்தார் வீட்டு விசேஷங்களில் பயன்பட்ட பனையோலைக் கூடை அது. பிளாஸ்டிக் வந்து அதை ஓரங்கட்டியது. திருமதி விசாலாட்சி ராமசாமி தொடங்கிய அறக்கட்டளை கிராமத்துப் பெண்களுக்கு அதைத் திரும்பக் கற்றுக்கொடுத்தது. கற்றுக்கொடுத்ததோடு விடாமல், பரிசுப் பொருள் வைத்துக் கொடுக்கும் கூடையாக வெளியூர்களில் விற்பனைக்கும் வழி செய்தது. கூடைக்கு ஒரு வேலை கிடைத்தது. அதனால் முடைபவருக்கும் வேலை கிடைத்தது. பத்தமடையில் மணமக்கள் பெயரை நெய்து கல்யாணப் பாய் செய்வதும் இப்படித்தான். கல்யாணம் இருக்கும்வரை அந்தப் பாய்க்கு ஒரு காரணம் இருக்கிறது. கைத்தொழிலுக்குப் புகழ் வேண்டும். புகழோடு யாராவது ஒருவர் விலை கொடுத்து வீட்டுக்கு எடுத்துப் போகவும் வேண்டும்.

நமது பங்கு என்ன?

இந்த இடத்தில் நம்மையே நாம் கேட்டுக்கொள்ள வேண்டும். கைத்தொழிலைக் கெடுத்தது யந்திரம் என்கிறோம். ஓரளவு உண்மைதான். ஆனால் யந்திரச் சரக்கைக் கைச்சரக்கின் பெயரில் விற்றது யந்திரம் அல்ல, வணிகர்களாகிய நாம்.

பவானி ஜமக்காளம் 1985-ம் ஆண்டுச் சட்டப்படி கைத்தறிக்கென்றே ஒதுக்கப்பட்ட ரகங்களில் ஒன்று. இருந்தும், விசைத்தறியில் ஓடிய விரிப்பைப் பவானி என்று விற்கும் கடைகள் உண்டு என்பது நமக்குள் ரகசியமில்லை. சுங்குடியிலும் அதே கதை. ‘சுங்குடி’ என்று கேட்டு வருபவரிடம் அச்சுச் சேலையைக் காட்டுகிறோம். அவர் ‘அசல்தானே?’ என்று கேட்டால், ‘அசல் மதுரை’ என்கிறோம். மதுரையில் அச்சடித்தது என்பதால் அது பொய்யில்லை என்று நமக்கு நாமே சமாதானம் சொல்லிக்கொள்கிறோம்.

அச்சுச் சேலையை விற்கக் கூடாது என்று நாம் சொல்லவில்லை. அந்தப் பட்டறைகளிலும் ஆயிரம் குடும்பம் பிழைக்கிறது. 450 ரூபாய்ச் சேலை வாங்குபவருக்கும் கண்ணுக்கு அழகாக உடுத்த உரிமை உண்டு. அதன் பெயரைச் சொல்லி விற்க வேண்டும் என்றுதான் சொல்கிறோம். இரண்டும் ஒரே பெயரில் பக்கத்துப் பக்கத்தில் இருந்தால், 4,000 ரூபாய்ச் சேலையை விற்பவன் கொள்ளைக்காரனாகத்தான் தெரிவான். கைச்சுங்குடி விலையால் மட்டும் தோற்கவில்லை. பெயரை இழந்ததாலும் தோற்றது.

வித்தியாசம் பார்ப்பது எப்படி என்பதையும் சொல்லிவிடுகிறோம். கையால் கட்டியதில் எந்த இரண்டு புள்ளியும் அச்சாக ஒன்றுபோல் இராது. முடிச்சு இருந்த இடத்தில் துணி சற்றுச் சுருங்கி, விரலுக்குத் தட்டும். உள்ளும் புறமும் நிறம் ஒன்றாக இருக்கும். ஸ்கிரீன் பிரிண்ட்டில் புள்ளிகள் ஒரே அளவு, பின்பக்கம் வெளிறியிருக்கும். மெழுகு அச்சு என்றால் பின்பக்கத்தை மட்டும் பார்த்துச் சொல்ல முடியாது. புள்ளியின் சீரைப் பார்க்க வேண்டும்.

நாம் செய்து பார்த்தது

அந்த விழா முடிந்த மறு வாரம் அம்மையாரின் வீட்டுக்குப் போனோம். கலை, பாரம்பரியம் என்று பேச ஆரம்பித்தோம். அவர் கையமர்த்தி மூன்று கேள்வி கேட்டார்: “எத்தனை சேலை? எத்தனை நாள்ல வேணும்? பணம் எப்ப?” வியாபாரிகளாகிய நாம் கேட்க வேண்டிய கேள்விகளை அவர் கேட்டார். பிறகு சொன்னார்: “சால்வை மூணு இருக்கு தம்பி. கட்டத்தான் துணி இல்லை.”

ஆறு சேலைக்குத் துணி கொடுத்தோம். அவரும் மருமகளும் பக்கத்து வீட்டுப் பெண்மணி ஒருவரும் கட்டினார்கள். கணக்கை மறைக்காமல் சொல்கிறோம். ஒரு சேலைக்குத் துணி 650 ரூபாய், சாயமும் அலசலும் 250, கட்டுக்கூலி 2,400. ஆக அடக்கம் 3,300 ரூபாய். கூலி அதிகம் என்று தோன்றலாம். ஒரு சேலை கட்ட எட்டு நாள். நாள் ஒன்றுக்கு 300 ரூபாய்தான் வருகிறது. நமது கடையில் மூட்டை தூக்குபவருக்கு நாம் அதைவிட அதிகம் கொடுக்கிறோம்.

4,000 ரூபாய் விலை வைத்தோம். ஐந்து விற்றது. ஒன்று முதல் அலசலில் சாயம் இறங்கியது என்று திரும்பி வந்தது. பணத்தைத் திருப்பிக் கொடுத்தோம். ஆறு சேலைக்கு முதல் 19,800. வரவு 20,000. மிச்சம் 200 ரூபாய். வட்டியைத் தள்ளினால் கைநட்டம். வீட்டில் பையன் சிரித்தான்.

சாயக்காரரிடம் பேசி, சாயம் பிடிக்கும் பக்குவத்தைத் திருத்திக்கொண்டு, அந்த வருஷக் கடைசியில் பத்து சேலைக்குக் கொடுத்தோம். இந்த முறை ஒரு காரியம் செய்தோம். சாயம் போட்டு இன்னும் முடிச்சு அவிழ்க்காத ஒரு கை அகலத் துணியைக் கல்லாவுக்குப் பக்கத்தில் வைத்தோம். விலையைக் கேட்டு முகம் மாறுகிறவர்களிடம் அந்தத் துணியைக் கொடுத்து, ‘ஒரே ஒரு முடிச்சை அவிழ்த்துப் பாருங்கள் அம்மா’ என்போம். நகத்தால் நோண்டி ஒன்றை அவிழ்ப்பதற்குள் அவர்களுக்கே விளங்கிவிடும். இதுபோல எத்தனை என்று சேலையைத் திரும்பிப் பார்ப்பார்கள். அதற்கு மேல் நாம் பேச வேண்டியதில்லை. பத்தும் ஆறு மாதத்தில் விற்றன. வரவு 40,000, முதல் 33,000. வட்டி போக சுமார் 5,000 ரூபாய் நின்றது.

பெரிய லாபம் இல்லை. அதே பணத்தை அச்சுச் சேலையில் போட்டிருந்தால் ஆறு மாதத்தில் நாலு தடவை புரட்டியிருக்கலாம். ஆனால் நட்டமும் இல்லை. சுங்குடிச் சிட்டையில் ஏறக்குறைய முப்பது வருஷத்துக்குப் பிறகு புதுப் பக்கம் எழுதினோம்.

நண்பர்கள் சொல்லும் தடைகள்

இதைச் சொன்னபோது சக வணிகர்கள் மூன்று தடை சொன்னார்கள். முதல் முடங்கும் என்றார்கள். முடங்கும்தான். ஆனால் ஆடித் தள்ளுபடிக்கென்று எடுத்து விலைபோகாமல் பரணில் கிடக்கும் சரக்கில் எவ்வளவு முதல் முடங்குகிறது என்பதை நாம் ஒவ்வொருவரும் நெஞ்சில் கைவைத்துச் சொல்லலாம். அதில் பத்தில் ஒரு பங்கு போதும்.

நேரத்துக்குச் சரக்கு வராது என்றார்கள். இதுவும் உண்மை. வீட்டில் ஒரு காய்ச்சல், ஒரு கல்யாணம் என்றால் பத்து நாள் தள்ளும். மொத்தமாக நூறு கேட்டு வருபவருக்குக் கொடுக்க முடியாது. அதற்கு ஏற்றபடிதான் ஆர்டர் எடுக்க வேண்டும்.

மூன்றாவது தடை, இளம் பெண்கள் இந்த வேலைக்கு வரமாட்டார்கள் என்பது. நாளொன்றுக்கு 300 ரூபாய்க்கு ஏன் வர வேண்டும்? நம் வீட்டுப் பெண்ணை அனுப்புவோமா? கூலி உயர்ந்தால்தான் ஆள் வரும். பெயரைப் பிரித்துச் சொல்லி விற்றால்தான் கூலியை உயர்த்த முடியும். அம்மையாருக்குக் கண் பார்வை மங்கி வருகிறது. இப்போது பாதி வேலையை விரல் தடவித்தான் செய்கிறார். இன்னும் எத்தனை வருஷம் என்று அவருக்கும் தெரியாது, நமக்கும் தெரியாது. அவர் காலத்துக்குள் கற்றுக்கொள்ள ஆள் உட்காராவிட்டால், பிறகு எந்த விழா நடத்தியும் பயனில்லை.

சில யோசனைகள்

சங்கத்தின் கவனத்துக்கும், நம் ஊர்க் கலை மன்றங்களின் கவனத்துக்கும் சில யோசனைகளை வைக்கிறோம்.

1. கடைகளில் ‘முடிச்சுச் சுங்குடி’, ‘அச்சுச் சுங்குடி’ என்று தனித்தனி அட்டை எழுதி வைப்போம். பில்லிலும் அப்படியே எழுதுவோம். மற்ற ஊர்களில் கைத்தறி ஜமக்காளம், விசைத்தறி விரிப்பு என்று எழுதலாம். இதற்கு ஒரு பைசா செலவில்லை.

2. கைத்தொழில் செய்பவருக்குத் துணியும் சிறு முன்பணமும் கொடுத்து, சரக்கு வந்த அன்றே கூலியைத் தீர்ப்போம். மூன்று மாதக் கடன் என்பது கடைக்கும் கடைக்கும் உள்ள வழக்கம். அதைத் திண்ணையில் உட்கார்ந்து கட்டுகிற பெண்ணின் மேல் ஏற்றுவது தர்மமில்லை.

3. கலை மன்றத்துக்குக் கொடுக்கும் நன்கொடையில் பாதியைக் கொள்முதலாகக் கொடுப்போம். 5,000 ரூபாய் ரசீது போடுபவர், 2,500 ரூபாயைப் பணமாகவும், மீதியை மன்றம் காட்டும் கைத்தொழிலாளியிடம் சரக்கு வாங்கியும் கொடுக்கலாம். சரக்கு நம் கடையில் விற்கும். போட்ட பணமும் திரும்பும்.

4. மன்றத்தார் விழா ஆர்டரை மூன்று மாதம் முன்னதாகக் கொடுக்க வேண்டும். ஒரு வாரத்தில் 40 சேலை கேட்டால் அச்சுதான் கிடைக்கும். விருந்தினருக்குப் போர்த்தும் ஜரிகைச் சால்வைக்குப் பதிலாக, உள்ளூர்க் கையால் செய்த ஒரு துண்டோ, பாயோ, கூடையோ கொடுக்கலாம். மேலும், தாங்கள் தேடிக் கண்டுபிடித்த கைத்தொழிலாளர்களின் பட்டியலை, அவர்கள் சம்மதத்தோடு, நமது சங்க அலுவலகத்தில் ஒரு பிரதி கொடுத்து வைக்க வேண்டும்.

5. கற்றுக்கொள்ள வரும் பெண்களுக்கு, கை பழகும்வரை மாதம் ஒரு சிறு தொகை உதவியாகக் கொடுக்கச் சங்கம் ஒரு நிதி ஏற்படுத்தலாம். கற்றுக்கொடுக்கும் மூத்தவருக்கும் அதில் பங்கு வேண்டும். கண்காட்சிகளில் இவர்களுக்குக் கடை வாடகையும் கமிஷனும் வாங்கக் கூடாது.

இவற்றில் நான்காவது யோசனை நடக்கக்கூடியது என்பதற்கு ஒரு சான்றும் உண்டு. 2024 ஐப்பசி மாதம் அதே மன்றத்தின் செயலாளர் நமது கடைக்கு வந்தார். முந்தைய விழாவில் நடந்ததை அவரிடம் மறைக்காமல் சொன்னோம். அவர் சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, ‘அப்போதே சொல்லியிருக்கலாமே’ என்றார். சொல்லியிருக்கலாம்தான். எல்லோருக்கும் முடிச்சுச் சேலை எடுக்க அவர்களிடம் பணமில்லை. மேடையில் நிற்கும் பத்துப் பேருக்கு மட்டும் அதை எடுப்பது என்று பேசி முடித்தோம். 2025 தை விழாவுக்கு நாம் போட்ட பில்லில் ‘முடிச்சுச் சுங்குடி 10, அச்சுச் சுங்குடி 30’ என்று இரண்டு வரி இருந்தது.

பத்து சேலையால் ஒரு தொழில் பிழைத்துவிடாது. ஆனால் நம் சங்கத்தில் ஜவுளிக் கடை வைத்திருப்பவர் ஒவ்வொருவரும் வருஷத்துக்குப் பத்து எடுத்தால், நம் ஊரில் எத்தனை வீட்டுத் திண்ணையில் வேலை நடக்கும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். பாத்திரக் கடைக்காரர் விளக்கிலும், பாய்க் கடைக்காரர் கோரைப் பாயிலும் இதே கணக்கைப் போடலாம். கணக்குப் போடுவது நமக்குத் தெரிந்த வேலைதானே.

அடுத்த பொதுக்குழுவில் இதை விவாதத்துக்கு எடுத்துக்கொள்ளும்படி நிர்வாகிகளைக் கேட்டுக்கொள்கிறோம். மாற்றுக் கருத்துள்ள அன்பர்கள் தயங்காமல் நமது இதழுக்கு எழுதவும். சுங்குடி கட்டியதைப் பார்க்க விரும்பும் உறுப்பினர்கள் நமது கடைக்கு வந்தால், கல்லாவுக்குப் பக்கத்தில் அந்த முடிச்சுத் துணி இருக்கிறது. ஒன்றை அவிழ்த்துப் பார்க்கலாம்.